வேகமாகப் பாடிய வீடு

அத்தியாயம் பதினொன்று

மகள் கேட்டது ஒரு தாலாட்டு. அவளுக்குக் கிடைத்தது கதவு சாத்தும் சத்தம். சென்ற வாரம் அந்தக் கதவுக்கு வெளியே அவளை நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், மாசமாக இருக்கிற பெண். உட்கார வைத்துவிட்டாவது வந்திருக்கலாம்.

புதிதாக வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரசவ விடுப்பில் பெற்றோர் வீட்டில் இருக்கிறாள் மகள். வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்கு இப்போதே காது கேட்கும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. அம்மா பாட வேண்டும். ஒரு காலத்தில் அம்மா அருமையாகப் பாடுவாள் என்று சித்தி சொல்லிக் கேள்விதான். மகள் நேரில் ஒரு வரி கேட்டதில்லை. அந்த ஆசையை வாய் விட்டுச் சொன்னபோதுதான், "என்னைப் பாடச் சொல்லாதே" என்று அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பா இதைத் தன் வழியில் தீர்க்கப் பார்த்தார். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பாகம் ஓடவில்லை என்றால் அதைக் கழற்றிவிட்டு ஓடுகிற பாகத்தை மாட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம்.

"பாட ஆள் இல்லேன்னா என்ன? நல்லாப் பாடற மிஷின் ஒண்ணு வாங்கிட்டாப் போச்சு," என்றார்.

"பாடச் சொல்லி நான் கேட்டது அம்மாவை," என்றாள் மகள்.

"அவளை விடு. கீச்சுக்குப் பாட்டெல்லாம் வராது."

கீச்சு என்பது அம்மா. கல்யாணம் ஆகி நாலைந்து வருஷத்தில் அப்பா வைத்த செல்லப் பெயர். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இத்தனை வாரமாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தீர்கள். இன்று சொல்லிவிடுகிறேன்.

அந்த வீட்டில் பாட்டு என்றால் கூடத்து அலமாரியில் இருந்த டேப் ரெக்கார்டர்தான். மகள் நடை பழகிய வருஷம் அதன் மோட்டார் எரிந்துபோனது. அடுத்தவன் கடையில் கொடுப்பதா என்று, வேறு எதிலிருந்தோ கழற்றிய மோட்டார் ஒன்றை அப்பாவே மாட்டினார். ஓடியது. முன்னைவிடச் சுறுசுறுப்பாகவே ஓடியது. அன்று முதல் அதை வேறொருவர் தொட அவர் விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. ஒரு பக்கம் துணி ஊறும், ஒரு பக்கம் அப்பா ஸ்பேனர்களைத் துடைப்பார், பாட்டு ஓடும். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றிச் சரி செய்வது மகளின் வேலை. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் நாடா ஒட்டுப் போட்டிருக்கிறது என்பதுகூட அவளுக்கு மனப்பாடம். வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்பதற்கு அவளிடம் இருக்கிற சாட்சி அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

ரேடியோவில் அதே பாட்டு வந்தால் மட்டும் இழுவையாக இருக்கும். "நேரம் போகணுமேன்னு இழுத்து இழுத்துப் போடறான் பாரு," என்பார் அப்பா. மகள் அதை நம்பிப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னாள். சிநேகிதிகள் சிரித்தார்கள். பாவம், இவர்கள் வீட்டு மிஷின் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அம்மா அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஆபீஸ் ஆண்டு விழாவில் அம்மா பாடியதை யாரோ பதிவு செய்து ஒரு கேசட்டைக் கொடுத்தார்கள். அதை ஆசையாக வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால், எலிக்குஞ்சு ஒன்று அவசர அவசரமாகப் பாடியது. அப்பா தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

"மைக்கைப் பார்த்ததும் பயத்துல தொண்டை இறுகிடுச்சுடி உனக்கு. கீச்சு கீச்சுன்னு!"

பெயர் அன்றைக்கு வந்தது. அம்மாவும் அன்று சிரித்தாள். அதற்கப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும், பேச்சு கொஞ்சம் தொய்ந்தால், அப்பா அந்தக் கேசட்டைப் போடுவார். பாதிப் பாட்டுக்குள் எல்லாரும் சிரித்து ஓய்ந்துவிடுவார்கள், நிறுத்திவிடுவார். அம்மா அதற்குள் டீ போட உள்ளே போயிருப்பாள்.

இந்த மாதம் அந்த டேப் ரெக்கார்டர் அடங்கிவிட்டது. உள்ளே பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பாவே கையை விரித்துவிட்டார்.

---

"ஸ்பீக்கர் கடைக்குப் போன் பண்ணினேன், நமக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டா எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க," என்று கேசட் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார் அப்பா. அதில் கை விட்டுத் துழாவியவர், ஆபீஸ் கேசட்டையும் எடுத்துப் பையில் போட்டார்.

"அது எதுக்கு?" என்றாள் அம்மா.

"கெடக்கட்டும் கீச்சு. கடையில கூட்டம் இல்லேன்னா கொஞ்சம் சிரிக்கலாம்."

அம்மா கைப்பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு முதலில் படியிறங்கினாள். அவள் வருவதாக ஒப்புக்கொண்டதே பட்ஜெட்டைக் காவல் காக்கத்தான். அவளுக்குப் பல் கட்டியதற்கு என்ன செலவானதோ அதற்கு மேல் ஒரு காசு கூடாது என்பது தீர்ப்பு. பல்லுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா கேட்டார். இரண்டும் வாயில்தான் இருக்கிறது என்றாள்.

கடை, மருந்துக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. மகள் கம்பியைப் பிடித்து நின்று நின்று ஏறினாள். நடத்துகிறவர் ஒரு பெண்மணி. முடியை ஒட்ட வெட்டி, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கடையின் பின்பக்கம் கேட்பதற்கென்றே ஓர் அறை. சுவரெல்லாம் பஞ்சு வைத்த துணி, கனத்த கண்ணாடிக் கதவு. கதவைச் சாத்தியதும் தெருவின் இரைச்சல் வெட்டினாற்போல நின்றது.

அப்பா யாரையும் கேட்காமல் நேராக ஆளுயர ஸ்பீக்கர்களிடம் போனார். அவற்றில் நீல விளக்கு எரிந்தது. அது போதாதா?

"இது எப்படி?"

கடைக்காரம்மா அதை ஓடவிட்டார். தரை அதிர்ந்தது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, உள்ளேயிருந்து உதை விழுது. உங்க பேரனுக்குப் பிடிக்கலை."

"பிடிச்சுத்தான் உதைக்கிறான்."

"சார், உங்க கூடம் எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார் கடைக்காரம்மா.

"பெரிசுதான்," என்றார் அப்பா.

"ஃப்ரிட்ஜைத் திறந்தா சோபாவுல இடிக்கும்," என்றாள் அம்மா.

கடைக்காரம்மா சிரிக்காமல் தலையாட்டினார். "அப்போ இந்தப் பெரிசு வேண்டாம். சின்ன ரூம்ல வெச்சா சத்தம் சுவர்ல முட்டி ஒரே இரைச்சலாயிடும். உங்க கையில இருக்கிற பணத்துல பெரும்பங்கு நல்ல சின்ன ஸ்பீக்கருக்குப் போகட்டும். அடுத்தது ஆம்ப்ளிஃபயர். விலை ஜாஸ்தி வயரெல்லாம் யார் சொன்னாலும் வாங்காதீங்க, நானே சொன்னாலும்."

"கேசட் போடணும். அது இல்லாம எனக்கு எதுவும் வேண்டாம்," என்றார் அப்பா.

"பழைய கேசட் டெக் ஒண்ணு இருக்கு. நானே சரி பண்ணி வெச்சது. இன்னொண்ணு சார். சத்தமா வெச்சா எந்த ஸ்பீக்கரும் நல்லாத்தான் இருக்கும். நாம பேசற அளவுல வெச்சுக் கேளுங்க. பாடறவர் எங்க நிக்கிறார்னு கண்ணை மூடினாத் தெரியணும்."

இரண்டு மரப்பெட்டிகளைக் காட்டினார். விளக்கு கிடையாது, மினுமினுப்பு கிடையாது. ஒரு கையால் தூக்கிவிடலாம் போலிருந்தது. அப்பா உதட்டைப் பிதுக்கினார். அம்மா விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பல்லுக்குள் அடங்குகிறது என்று மகளிடம் கண்ணைக் காட்டினாள்.

முதலில் அப்பாவின் உயிரான பாட்டு. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு. மூவரும் கண்ணை மூடினார்கள். வயலின் தொடங்கியது.

அப்பா உடனே கண்ணைத் திறந்தார். "நிறுத்துங்க, நிறுத்துங்க. பேட்டரி தீர்ந்த மாதிரி இழுக்குது."

மகளுக்கும் அப்படித்தான் இருந்தது. பாடுகிறவருக்கு ராத்திரி தூக்கம் இல்லையோ என்னமோ. ஒவ்வொரு வரியும் அவள் எதிர்பார்த்த இடத்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது.

"டெக் சரியா ஓடுதுங்க. போன வாரம்தான் வேகம் பார்த்தேன்," என்றார் கடைக்காரம்மா.

"மோட்டாரைப் பத்தி எனக்கே சொல்றீங்களா?"

அவர் வாதாடவில்லை. அதே பாட்டைக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்தார். கேசட்டையும் அதையும் ஒரே இடத்தில் ஆரம்பித்து, மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார். இரண்டும் கை கோத்துக்கொண்டு நடந்தன. எங்கே மாற்றினார் என்றே தெரியவில்லை.

"இப்ப என்ன சொல்றீங்க சார்?"

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "ரெண்டுமே மெதுவா ஓடுது," என்றார்.

மகளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளின் முகம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. ரேடியோக்காரனை இத்தனை வருஷம் திட்டியது எவ்வளவு அநியாயம்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டு மிஷின்தான் வேகமா ஓடியிருக்குமோ?"

"நான் மாட்டின மோட்டாரும்மா அது!"

"அதைத்தான் சொல்றேன்."

அப்பாவின் காது சிவந்துவிட்டது. மனுஷனிடம் ஒரு கெட்ட பழக்கம். மூக்கு உடைபடுகிறது என்று தெரிந்தால் இன்னும் வேகமாகச் சுவரை நோக்கிப் போவார். பைக்குள் கையை விட்டார்.

"உயிரோட இருக்கிற ஆளோட குரலைப் போடறேன். பாடினவ இதோ உட்கார்ந்திருக்கா. அவ குரல் எனக்குத் தெரியாதா? இதுல எப்படி வருதுன்னு பார்ப்போம். மிஷின் பொய் சொல்லாது."

"வேண்டாங்க," என்றாள் அம்மா.

அதற்குள் டெக்கின் கதவை மூடிவிட்டார்.

முதலில் கைதட்டல். பிறகு அம்மாவை மேடைக்கு அழைக்கும் ஓர் அதிகாரி. அவரும் அந்த வீட்டில் இத்தனை காலம் கீச்சென்றுதான் பேசிக்கொண்டிருந்தார். அவரையும் மைக் பயம் பிடித்தது என்பது அப்பாவின் விளக்கம். இங்கே அவர் பீப்பாய்க் குரலில், நிதானமாக, ஒரு கனைப்போடு பேசினார்.

அப்புறம் ஒரு பெண்.

"எல்லாருக்கும் வணக்கம். தப்பாப் பாடினா லைனைக் கட் பண்ணிடாதீங்க."

அது அம்மா. ஒரு நிமிஷம் முன்னால் "வேண்டாங்க" என்று சொன்னதே, அதே குரல், வயதை மட்டும் கழித்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு நடுவே வந்து நின்றது. பயமும் இல்லை, ஒன்றும் இல்லை. சபையைச் சிரிக்க வைத்துவிட்டு, அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்கத் தெரிந்த குரல்.

பிறகு அவள் பாடினாள்.

தாழ்ந்த குரல். அவசரமே இல்லை. ஒரு வரியைப் பாடிவிட்டு அடுத்த வரிக்கு ஆற அமர மூச்சு எடுத்துக்கொண்டாள். அந்த மூச்சுகூட அறைக்குள் கேட்டது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழகு என்ற ஒரு வார்த்தை தவிர அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. இதைக் கேட்டல்லவா நான் வளர்ந்திருக்க வேண்டும் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

வழக்கமாக நிறுத்துகிற இடம் வந்தது. அப்பா நிறுத்தவில்லை. அவர் கை டெக்கின் மேல் இருந்தது, ஆனால் அது அவருடைய கை மாதிரியே இல்லை.

அம்மாதான் கடைக்காரம்மாவைப் பார்த்து, "கொஞ்சம் நிறுத்துங்கம்மா," என்றாள்.

நிறுத்தினார். சூழ்நிலை புரிந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்க் கதவைச் சாத்தினார். நல்ல மனுஷி.

"இந்தக் குரலுக்கா சிரிச்சீங்க?" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரியாதுடி. மோட்டார்..."

"மோட்டார் தெரியாம ஓடிச்சு. சிரிச்சது தெரிஞ்சுதானே?"

அப்பா மகளைப் பார்த்தார். அவள் தரை விரிப்பைப் பார்த்தாள்.

"எக்ஸ்சேஞ்சுல எல்லாரும் சொல்வாங்க, உன் குரல் கேட்டாலே போதும்னு. வீட்டுக்கு வந்து இதைக் கேட்டப்புறம், அவங்க எல்லாரும் சும்மா மரியாதைக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன். மிஷின் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொல்வீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்தேன்."

"அம்மா..." என்றாள் மகள்.

"இரு. சொல்லிடறேன். அந்த விழாவுக்கு ரேடியோ ஸ்டேஷன்காரர் ஒருத்தர் வந்திருந்தார். குரல் பரிசோதனைக்கு வரச் சொல்லித் தேதி கொடுத்தார். கேசட்டோட சேர்த்து அதையும் உங்ககிட்ட சொல்லணும்னுதான் அன்னிக்கு ஓடி வந்தேன்."

"சொல்லவே இல்லையே?" அப்பாவின் குரல் உள்ளே போய்விட்டது.

"நீங்க சிரிச்சு முடிக்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன். நீங்க முடிக்கவே இல்லை. தேதி போயிடுச்சு."

அவள் அழவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தப்பான நம்பர் கேட்டவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிற பழைய ஆபரேட்டர் மாதிரிதான் சொன்னாள். அதுதான் அப்பாவுக்குத் தாங்கவில்லை. ஓர் அடி முன்னால் வந்தார்.

"கீச்..." என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டார்.

வேறு எப்படிக் கூப்பிடுவது? கல்யாணமான புதிதில் ஏதோ சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். அது என்னவென்று அவருக்கு அந்த நேரத்தில் வரவில்லை. ஃப்ரிட்ஜின் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் பெயர் தெரிந்த மனிதர், பெண்டாட்டியைக் கூப்பிட வார்த்தையில்லாமல் நடு அறையில் நின்றார். அவருக்காகப் பரிதாபப்படுவதா வேண்டாமா என்று உங்கள் இஷ்டம். எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருந்தது.

அம்மா எழுந்து கதவைத் திறந்தாள். "இந்தச் சின்ன ஸ்பீக்கர், டெக், அதுக்கேத்த ஆம்ப். இதையே பில் போடுங்கம்மா," என்றாள். பிறகு, "அதுக்கு முன்னாடி இதை முழுசாக் கேட்கணும். கடைசிவரைக்கும் நான் கேட்டதே இல்லை."

"தாராளமாக் கேளுங்க."

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். "நீங்க வெளியில இருங்க."

"நானும்..."

"இதை நீங்க நிறைய கேட்டாச்சு."

அப்பா வெளியே வந்தார். கனத்த கதவு தானாகவே நகர்ந்து மூடிக்கொண்டது.

கடையில் வேறு வாடிக்கையாளர்கள் இல்லை. கடைக்காரம்மா பில் புத்தகத்தைத் தேடுவதுபோலத் தேடிக்கொண்டிருந்தார். அப்பா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார். உள்ளே மகள் குனிந்து டெக்கை ஓடவிடுவது தெரிந்தது. அம்மா சோபாவின் நடுவில், அந்த இரண்டு மரப்பெட்டிகளுக்கும் நேராக உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

பாட்டு முடிந்திருக்க வேண்டிய நேரம் வந்தது, போனது. மகள் டெக்கை நிறுத்துவது தெரிந்தது. ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை.

மகள் மெல்ல நகர்ந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். அம்மா தலையைச் சற்றுச் சாய்த்தாள். அவள் உதடு அசைந்தது.

அப்பா கண்ணாடியில் காதை வைத்தார். ஒன்றும் இல்லை. இன்னொரு காதை வைத்தார்.

"உள்ளே இருக்கிற சத்தம் வெளியே வராது சார்," என்றார் பின்னாலிருந்து கடைக்காரம்மா, கொஞ்சம் தயங்கி.

"பேசறாளா, பாடறாளா? உங்களுக்கு ஏதாவது தெரியுதா?"

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "தெரியலையே சார்."

உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒரு முறை நின்று, ஆற அமர மூச்சு எடுத்துக்கொண்டு, மறுபடி அசைந்தது. மகள் அழுதுகொண்டு சிரித்தாள், அல்லது சிரித்துக்கொண்டு அழுதாள். கதவைத் தட்டலாம் என்று அப்பா கையைத் தூக்கினார். தட்டினால் நின்றுவிடும் என்று தோன்றியது. தூக்கிய கையை இறக்கவும் தெரியாமல், தட்டவும் துணியாமல், கண்ணாடிக்கு வெளியே நின்றார்.